க்ஷயம் எப்படி காசம் ஆனது?

விடுமுறைக்கு ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு வரும் பையனைப் பார்த்ததும் அம்மாவின் வாயில் வரும் முதல் கேள்வி, "என்னடா இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்பதுதான். மெஸ் சாப்பாட்டில் இரண்டு கிலோ கூடியிருந்தாலும் கேள்வி மாறாது. அதே வார்த்தையை ஜிம்முக்குப் போகும் நண்பன் சொன்னால் அது பாராட்டு. "மச்சி, இளைச்சுட்டே!" என்றதும் முகம் மலர்கிறது. அம்மாக்களுக்குப் பயமாக இருப்பது பிள்ளைகளுக்குப் பெருமையாகிவிட்டது.

அம்மாக்களின் அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. அதற்குப் பின்னால் ஒரு நோய் இருக்கிறது. அந்த நோய்க்கு ஒரு பெயரும் இருந்தது: க்ஷயம்.

ஸ்ரீரங்கத்தின் சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் எண்பதைத் தாண்டிய பெரியவர்களிடம் கேட்டால் இந்தப் பெயரைத்தான் சொல்வார்கள், அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு. கொள்ளிடத்தைத் தாண்டி லால்குடி, முசிறி பக்கம் போனால் கசம் என்பார்கள், எலும்புருக்கி என்பார்கள். புத்தூரில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தால் காசநோய். கல்லூரி மாணவனுக்கு வெறும் டி.பி. நோய் ஒன்றுதான், பெயர்தான் நான்கைந்து. 'பெயரில் என்ன இருக்கிறது' என்று கேட்கலாம். இந்த நோயைப் பொறுத்தவரை நிறையவே இருக்கிறது.

க்ஷயம் வடமொழிச் சொல். 'க்ஷி' என்பது அதன் வேர். குறைதல், தேய்தல், அழிதல் என்று பொருள். இந்த 'க்ஷ' தமிழுக்குள் நுழையும்போது எப்போதும் கொஞ்சம் திண்டாடும். சில இடங்களில் 'க' ஆகும்: க்ஷணம் கணம் ஆனது போல. சில இடங்களில் 'ச' ஆகும்: க்ஷத்திரியர் சத்திரியர் ஆனது போல. சொல்லின் நடுவில் வந்தால் 'ட்ச': பட்சி, ராட்சசன். க்ஷயம் இந்த எல்லா வாசல் வழியாகவும் உள்ளே வந்திருக்கிறது. பழைய வைத்திய வழக்கில் கயரோகம், சயரோகம் என்று இரண்டு விதமாகவும் உண்டு. ஊர்ப்பேச்சில் கசம். நடுவில் உட்கார்ந்தபோது அட்சயம்.

அட்சயம் என்றால் குறையாதது, தேயாதது. அள்ள அள்ளக் குறையாத அட்சய பாத்திரம் எல்லோருக்கும் தெரியும். அட்சய திருதியை அதைவிட நன்றாகத் தெரியும். அன்றைக்குத் திருச்சி சின்னக்கடை வீதியிலும் என்.எஸ்.பி. ரோட்டிலும் கால் வைக்க இடம் இருக்காது. 'குறையாத நாள்' அன்று வாங்கும் தங்கத்துக்கும் செய்கூலி, சேதாரம் போட்டுத்தான் பில் வரும் என்பது வேறு விஷயம்! அறுபது ஆண்டுச் சுழற்சியின் கடைசி ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழிப் பட்டியல்களில் அதற்கு 'க்ஷய' என்ற பெயரும் உண்டு. தமிழ்ப் பஞ்சாங்கத்தில் அது 'அட்சய'. ஒரு வருஷத்துக்குக்கூட 'தேய்வு' என்று பெயர் வைக்க மனம் வராமல் முன்னால் ஒரு 'அ'வைச் சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது.

தமிழுக்கென்று சொந்தச் சொல் இல்லாமல் இல்லை. தேய் என்ற வினை இருக்கிறது. தேய்பிறை அதிலிருந்து வந்தது. பி.காம். படிப்பவர்களைத் துரத்தும் தேய்மானமும் அதிலிருந்து வந்ததுதான். ஒரு இயந்திரம் வருஷாவருஷம் தேய்கிறது என்று கணக்கில் எழுதாவிட்டால் லாபம் பொய்யாக ஊதிக் காட்டும் என்பது முதல் வருஷப் பாடம். இளை என்ற வினையும் இருக்கிறது. இதில் ஒரு விசேஷம்: இளைப்பு என்றால் உடம்பு மெலிவது, மூச்சு வாங்குவதும் இளைப்புதான். உடம்பு வற்றுவதையும் மூச்சு முட்டுவதையும் ஒரே சொல்லில் கட்டி வைத்திருக்கிறது தமிழ். சித்த வைத்தியர்கள் இந்த நோயை இளைப்பு நோய் என்று அழைத்ததும் அதனால்தான் பொருத்தமாக இருக்கிறது.

இனி ஸ்ரீரங்கம் கோயிலுக்குள். அங்கே சந்திர புஷ்கரிணி என்று ஒரு குளம், வட்ட வடிவம், கரையில் புன்னை மரம். அதற்கு அந்தப் பெயர் வந்ததற்குத் தல புராணம் சொல்லும் காரணம், சந்திரன் தன் க்ஷயம் தீர இங்கே தவம் இருந்தான் என்பது. தட்சனின் இருபத்தேழு பெண்களை மணந்துகொண்டு ரோகிணியிடம் மட்டும் பிரியமாக இருந்தான் சந்திரன். மற்றவர்கள் அப்பாவிடம் முறையிட, அவர் 'தேய்ந்து போ' என்று சபித்தார். அன்றிலிருந்து நாளுக்கு ஒரு கலையாகக் கரைய ஆரம்பித்தான். மகாபாரதத்தின் சல்லிய பருவத்திலும் இந்தக் கதை வருகிறது. அங்கே ஒரு விவரம் கூடுதலாக உண்டு. சந்திரன் தேயத் தேயப் பயிர் பச்சைகள் வாடின. அவற்றைத் தின்று வாழும் உயிர்களும் மெலிந்தன. சந்திரனைப் பயிர்களின் அதிபதி என்று நம்பிய காலத்துக் கதை இது. நோயும் உணவும் ஒரே கயிற்றின் இரண்டு முனை என்பது அந்தக் கதையைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பெயர் வைத்த விதத்தில் மற்ற நாட்டார்களும் இதே வழியில்தான் போனார்கள். கிரேக்கர்கள் வைத்த 'தைசிஸ்' என்ற பெயருக்குத் தேய்வு என்றே பொருள். ஆங்கிலேயர்கள் 'கன்சம்ப்ஷன்' என்றார்கள். ஆளையே தின்று தீர்ப்பது. எலும்புருக்கி என்ற தமிழ்ப்பெயர் இவை எல்லாவற்றையும்விடப் பயங்கரமானது. சதை கரைந்த பிறகு எலும்பும் உருகுகிறது என்று பார்த்தவன் வைத்த பெயர். நுண்ணோக்கி இல்லாத காலத்தில் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: நேற்றுவரை நடமாடிய ஆள் இன்று துணியாய்ப் படுத்துக் கிடக்கிறான்.

1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் இந்த நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக பெர்லினில் அறிவித்தார். அதன் பிறகு உலகம் முழுக்க வைத்தியத்தின் பார்வை மாறியது. ஆளைப் பார்த்த இடத்தில் கிருமியைப் பார்த்தார்கள், கிருமி அதிகம் குடியிருக்கும் நுரையீரலைப் பார்த்தார்கள், அது வெளியே வரும் சளியைப் பார்த்தார்கள். தமிழில் அதற்கு ஏற்ற பெயராக நிலைத்தது காசநோய். இங்கேதான் வேடிக்கை. கசமும் காசமும் ஒரு கால் வித்தியாசத்தில் இருப்பதால் இரண்டும் ஒன்றே என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. கசம் க்ஷயத்திலிருந்து வந்தது, அதாவது தேய்வு. காசம் என்பது வேறொரு வடமொழிச் சொல், அதற்கு இருமல் என்று பொருள். துணைக்கால் ஒன்று ஏறியதில் தேய்வு நோய் இருமல் நோயாகிவிட்டது.

பெயர் சுருங்கியதால் வரும் அபத்தங்களும் உண்டு. இந்தக் கிருமி நுரையீரலை மட்டும் தாக்குவதில்லை. கழுத்தில் நெறி கட்டும், முதுகெலும்பை அரிக்கும், மூளை உறைக்குப் போகும், குடலுக்குப் போகும். முதுகெலும்பைத் தாக்கினால் 'எலும்புக் காசநோய்' என்று எழுதுகிறார்கள். எலும்பு எப்படி ஐயா இருமும்?

அபத்தம் சிரிப்போடு போனால் பரவாயில்லை. சுவரொட்டிகளில் பல ஆண்டுகளாக முதலில் நிற்கும் வாசகம், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள் என்பது. சரியான வாசகம்தான், அதனால் பிழைத்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். எடை குறைவு, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை எல்லாம் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் வரும். ஆனால் 2019 முதல் 2021 வரை இந்தியா முழுவதும் நடந்த காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பு என்ன சொன்னது தெரியுமா? கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர், மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் தப்பிப் போயிருப்பார்கள். இருமலை மட்டும் வாசலில் நின்று எதிர்பார்த்தால் நோய் கொல்லைப்புறமாக வந்துவிடுகிறது.

இதற்காகப் பழைய பெயரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டும் என்பதில்லை. க்ஷயம் என்ற சொல்லில் இரண்டு பெரிய கோளாறுகள் உண்டு.

முதலாவது, அது ஒரு கோணிப்பை. உடம்பு கரைகிற எல்லாவற்றையும் அதில் போட்டார்கள். சர்க்கரை நோயில் உடம்பு கரையும், புற்றுநோயில் கரையும், குடல் நோய்களில் கரையும். கணித மேதை ராமானுஜத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 1917-இல் நோயில் விழுந்தார், காசநோய் என்று சொல்லி சானடோரியங்களில் வைத்தார்கள், ஊர் திரும்பி 1920-இல் 32 வயதில் இறந்தார். அவருடைய நோய் விவரங்களை மறுபடி ஆராய்ந்த டி.ஏ.பி. யங் என்ற மருத்துவர் 1994-இல், அது காசநோயாக இருந்திருக்காது, ஈரலில் அமீபா தொற்றாக இருந்திருக்கலாம் என்று எழுதினார். மெலிந்தவன் எல்லாம் க்ஷயக்காரன் அல்ல. கோக்குக்குப் பிறகு வந்த துல்லியத்தை யாரும் விட்டுக்கொடுக்க முடியாது.

இரண்டாவது கோளாறு இன்னும் மோசம். சந்திரன் கதையில் க்ஷயம் ஒரு தண்டனை, செய்த தப்புக்குக் கிடைத்த சாபம். அந்த வாசனை இந்த நோயை விட்டு இன்றும் போகவில்லை. பெண்ணுக்கு இந்த நோய் என்று தெரிந்தால் வரன் தட்டிப் போகிறது, மருமகளுக்கு என்றால் பிறந்த வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் முழுங்குகிறவர்கள் எத்தனையோ பேர். புராணம் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது, தொற்றிக்கொள்ளும் என்ற பயமும் சேர்ந்ததுதான். ஆனாலும் சாபக் கதை தலைமுறை தலைமுறையாக உதவி செய்திருக்கிறது.

இந்த இரண்டையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்தப் பெயரில் ஒரு உண்மை மிச்சம் நிற்கிறது. இந்த நோயில் எடைதான் உயிர்.

இந்த உண்மை மறக்கப்பட்டதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு, நல்ல எண்ணத்தில் நடந்த பங்கு. 1950-கள் வரை காசநோய்க்கு வைத்தியம் என்றால் சானடோரியம். நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, மாமிசம். டேவிட் சவுரி முத்து தாம்பரத்தில் 1928-இல் தொடங்கியது அப்படி ஒன்று, இன்றும் அந்த ரயில் நிலையத்தின் பெயரே சானடோரியம். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் வழியில் செங்கிப்பட்டியிலும் ஒன்று உண்டு. ஆனால் இத்தனை லட்சம் நோயாளிகளுக்குக் கட்டில் எங்கே? 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து ஒரு பிரிவை சானடோரியத்தில் வைத்தார்கள், இன்னொரு பிரிவை அவரவர் குடிசை வீட்டிலேயே விட்டு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு உலகத்தையே மாற்றியது. சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டன, வீட்டிலிருந்தே சிகிச்சை என்பது எல்லா நாட்டிலும் வழக்கமானது. ஏழை நோயாளிக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை.

கூடவே இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது. வீட்டில் இருந்தவர்கள் சாப்பிட்டது சானடோரியச் சாப்பாட்டைவிட மிகக் குறைவு, இருந்தும் குணமானார்கள். ஆகவே மருந்து ஒழுங்காக இருந்தால் சாப்பாடு முக்கியமில்லை. மாத்திரைக்கான வாதமாக அது சரி. ஆனால் 'குணமாவதற்குச் சாப்பாடு அவசியமில்லை' என்பது போகப் போக 'சாப்பாட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்' என்று ஆகிவிட்டது. யாருக்கு நோய் வருகிறது, மாத்திரை வேலை செய்வதற்கு முன்பே யார் செத்துப் போகிறார்கள் என்ற கேள்விகள் ஓரமாகப் போயின. சளியில் கிருமி போனதா என்பது ஒன்றே வெற்றிக்கு அடையாளம். தேய்மானத்தை எழுதாத கணக்குப் புத்தகம் மாதிரி.

கணக்கை மறுபடி திறந்தது 2023. அந்த ஆண்டு ஆகஸ்டில் லான்செட் இதழ்களில் ஒரு ஆய்வின் முடிவுகள் வெளியாயின. ஆய்வின் பெயரே 'ரேஷன்ஸ்'. ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டில் உடன் வசிப்பவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். நோயாளிகள் எல்லோருக்கும் வழக்கமான மருந்தோடு அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் என்று மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்தார்கள். வீட்டார்களை இரண்டு பிரிவாக்கி ஒரு பிரிவுக்கு மட்டும் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். சிகிச்சை தொடங்கும்போதே நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் எடை குறைந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்குச் சாகும் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்பது வெறும் 2 கிலோ. அரிசி பருப்பு வாங்கிய வீட்டார்களிடையே புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது; சளியில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் பார்த்தால் 48 சதவீதம். ஒரு தடுப்பூசி இதைச் செய்திருந்தால் எல்லா நாளிதழ்களிலும் முதல் பக்கத்தில் வந்திருக்கும். செய்தது பருப்பு, அதனால் உள்பக்கம்.

காரணம் புரியாததல்ல. இந்தக் கிருமி உடம்புக்குள் புகுந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. உடம்பின் காவல் அதைச் சுவர் கட்டி அடைத்து வைத்துவிடுகிறது. சாப்பாடு குறைந்தால் காவல் தளர்கிறது, சுவர் உடைகிறது, நோய் வருகிறது. வந்த நோய் பசியைக் கொல்கிறது, காய்ச்சல் இருக்கிற சதையையும் எரிக்கிறது, வேலைக்குப் போக முடியாததால் வருமானம் நிற்கிறது, சாப்பாடு இன்னும் குறைகிறது. பட்டினியால் க்ஷயம், க்ஷயத்தால் பட்டினி. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருப்பதற்குக் கிருமி மட்டும் காரணமில்லை.

தமிழ்நாடு இதைக் கொஞ்சம் முன்பே பிடித்துக்கொண்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2022-இல் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' என்று ஒன்று இங்கே தொடங்கியது. அதில் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. நோய் உறுதியானதும் நோயாளியின் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, துணை இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பதைப் பார்க்கிறார்கள். மிகவும் மெலிந்தவர்களையும் தள்ளாடுபவர்களையும் வீட்டுக்கு அனுப்பாமல் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். காசநோயில் சாகிறவர்களில் பலர் முதல் இரண்டு மாதத்துக்குள் சாகிறார்கள், அதனால்தான் இந்த அவசரம். கவனித்தீர்களா, இந்தப் பட்டியலில் இருமல் இல்லை! எடையும் தெம்பும் மூச்சும்தான். பாட்டி வைத்தியர் காலத்து க்ஷயமும் இளைப்பும் திரும்பி வந்து படிவத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

மத்திய அரசின் காசநோய்ப் பதிவுக்கும் ஒரு பெயர் உண்டு: நிக்ஷய். க்ஷயம் இல்லாமல் செய்வது. அதன் கீழ் 'நிக்ஷய் போஷண் யோஜனா' என்ற பெயரில் 2018 ஏப்ரல் முதல் நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் போட்டார்கள், 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். மறந்துபோன சொல் சமஸ்கிருதப் போர்வையோடு டெல்லியிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. தமிழில் அதைப் படிப்பவர்களுக்கு அது வெறும் ஒரு இந்திப் பெயர். 'தேய்வை நிறுத்து' என்று அதற்குள் ஒரு கட்டளை இருப்பது யாருக்கும் கேட்பதில்லை.

ஆயிரம் ரூபாய்க்கு ஒரு சின்னக் கணக்கு. நாளுக்கு 33 ரூபாய் சொச்சம். இன்றைய விலையில் அரை லிட்டர் பால், இரண்டு முட்டை, அவ்வளவுதான். அதுவும் அந்த நோயாளி மட்டும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால். எந்த வீட்டில் அப்படி நடக்கும்? அம்மாவுக்கு நோய் என்றால் முட்டை பிள்ளையின் தட்டுக்குத்தான் போகும். அப்பாவுக்கு நோய் என்றால் பணம் முதலில் வட்டிக்குப் போகும். பணம் தப்பில்லை, ஆனால் அது வீட்டுக்குள் நுழைந்ததும் சாப்பாடாகத்தான் மாறும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ரேஷன்ஸ் ஆய்வு கொடுத்தது பொருளாக. அதன் பெரிய பலன் தெரிந்தது நோயாளியைச் சுற்றி இருந்த வீட்டாரிடம்.

2022-இல் தொடங்கிய நிக்ஷய் மித்ரா திட்டத்தில் தனியார்களும் நிறுவனங்களும் நோயாளிகளைத் தத்தெடுத்து உணவுப் பை கொடுக்கிறார்கள். 2024-இல் வீட்டாரையும் அதில் சேர்த்தார்கள். நல்லது. ஆனால் தர்மம் செய்ய ஆள் கிடைத்தால் பருப்பு, கிடைக்காவிட்டால் இல்லை என்பது ஒரு நோய்க்கு மருத்துவம் ஆகாது. ரிஃபாம்பிசின் மாத்திரைக்கு யாரும் நன்கொடையாளரைத் தேடுவதில்லையே.

தமிழ்நாட்டில் இதற்கு வேறு வழி கைவசம் இருக்கிறது. அரிசி அட்டைக்கு ரேஷன் கடையில் அரிசி 2011 முதல் இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று ஏற்கெனவே கொடுக்கிறார்கள். சாதாரண காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதம். அந்த ஆறு மாதத்துக்கு மட்டும், நோயாளி இருக்கும் குடும்பத்தின் அட்டையில் பருப்பையும் எண்ணெயையும் இரட்டித்து, விலையில்லாமல் கொடுத்தால் என்ன? நோயாளிகளின் பதிவு அரசிடம் இருக்கிறது. 2017 முதல் அட்டையும் ஸ்மார்ட் அட்டை. இரண்டையும் இணைப்பது ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. உணவு கொடுப்பது இந்த ஊர்களுக்குப் புதிதும் அல்ல. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது திருச்சி பக்கத்துப் பாப்பாக்குறிச்சியில்தான். அன்றைக்கும் 'பள்ளிக்கூடத்தில் சோறு எதற்கு, பாடம் போதாதா' என்று கேட்டவர்கள் உண்டு. ஸ்ரீரங்கம் கோயிலில் 2012-இல் நாள் முழுவதும் அன்னதானம் தொடங்கியது. சந்திரன் க்ஷயம் தீர்த்துக்கொண்ட குளமும் பசித்தவன் எந்த நேரமும் சாப்பிடலாம் என்கிற கூடமும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன.

ஒரு சிக்கல் உண்டு, அதை மூடி மறைக்கக் கூடாது. ரேஷன் கடை வரிசை என்பது தெருவே கூடும் இடம். "உங்களுக்கு மட்டும் ஏன் ரெண்டு கிலோ பருப்பு?" என்று பின்னால் நிற்பவர் கேட்டால் என்ன பதில் சொல்வது? மாத்திரையை ஒளித்துச் சாப்பிடும் வீட்டில் பருப்புப் பையை எங்கே ஒளிப்பது? இதற்காகவே பல குடும்பங்கள் வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடும். அதனால் காசநோய்க்கு என்று தனியாகப் பெயர் போடாமல், எடை குறைந்த கர்ப்பிணி, எடை குறைந்த குழந்தை, எடை குறைந்த நோயாளி எவர் இருந்தாலும் அந்தக் குடும்பத்துக்குக் கூடுதல் பங்கு என்று பொதுவாக வைப்பதுதான் புத்திசாலித்தனம். அட்டையில் நோயின் பெயர் வேண்டியதில்லை, எடை குறைவு என்ற ஒரு குறி போதும். கேட்கிறவரிடம் "இளைச்சுட்டேன்னு கொடுக்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு வரலாம்.